ரெட்டைச் சுழிக்காரன்

முகத்தை நம்பக் கூடாது. அது சிரிக்கும், அழும், காரியம் ஆக வேண்டுமென்றால் பல்லை இளிக்கும். உச்சந்தலை அப்படியில்லை. அதற்கு நடிக்கத் தெரியாது.

சலூன்காரர் மகள் சுண்டுவுக்கு இது நன்றாகத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டதும் அவள் நேரே அப்பாவின் கடைக்கு வந்துவிடுவாள். நாற்காலிக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து துண்டு மடிப்பாள். அங்கிருந்து பார்த்தால் தெரிவதெல்லாம் உச்சந்தலைதான். தபால்காரருக்குச் சுழி வலப்பக்கம். ரொட்டிக் கடைக்காரருக்குச் சுழி இருந்த இடமே இப்போது இல்லை. அவளுடைய அண்ணனுக்கு ஒற்றைச் சுழி, இடப்பக்கம். அதில் ஒரு கொத்து முடி, எவ்வளவு எண்ணெய் வைத்தாலும், சேவல் வால் மாதிரி எழுந்து நிற்கும்.

அண்ணன் இப்போது வீட்டில் இல்லை.

அவன் போன கதை இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடை நிறையக் கூட்டம். அண்ணன் தன் சிநேகிதனுக்குப் புது மாதிரியாக முடி வெட்டிக்கொண்டிருந்தான். பாதித் தலை முடிந்திருந்தது. அப்பா எட்டிப் பார்த்தார்.

"என்னடா இது, எலி கடிச்ச மாதிரி? தள்ளு!"

அத்தனை பேர் முன்னால் அவன் கையிலிருந்து கத்தரியைப் பிடுங்கி, மீதித் தலையைத் தானே வெட்டி முடித்தார். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். உண்மையைச் சொன்னால், சுண்டுவும் சிரித்தாள்.

அண்ணன் சீப்பைக் கீழே வைத்தான். மறுநாள் காலையில் அவனும் இல்லை, அவன் பையும் இல்லை. செல்போனைக்கூட அலமாரியில் வைத்துவிட்டுப் போயிருந்தான்.

அதிலிருந்து அப்பா சிரிப்பதை விட்டுவிட்டார். அம்மா, சுண்டு கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துபோனாள். ஆகவே வீட்டில் சுண்டுவும் அப்பாவும், மாதக்கணக்காக ஒரு சத்தமும் இல்லாமல் சாப்பிட்டுத் தூங்கினார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் மீசைக்காரர் ஒருவர் சவரத்துக்கு வந்தார். வாயை மூடிக்கொண்டு சவரம் செய்துகொள்கிற ஆள் இல்லை.

"உங்களுக்கு ஒரு பையன் உண்டாமே? அவன் படுத்த கட்டில் இப்ப காலியாத்தான் கிடக்குதா? வீட்டுச் சாப்பாடு யாரு பொங்கறது? நீங்களா? ருசியா இருக்குமா?"

அப்பா கத்தியைத் தீட்டினார். சுண்டு மீசைக்காரரின் உச்சியைப் பார்த்தாள். இரண்டு சுழி. இரண்டு நத்தைகள் தலையை முட்டிக்கொண்டு படுத்திருப்பது மாதிரி.

மறுநாள் ஒல்லியாக, கண்ணாடி போட்ட ஒருவர் வந்தார். அவரும் கட்டிலையும் சாப்பாட்டையும் பற்றியே கேட்டார். அவர் உச்சியிலும் அதே இரண்டு நத்தைகள். 'இவங்க ரெண்டு பேரும் கூடப் பிறந்தவங்களா இருக்கும்' என்று சுண்டு நினைத்துக்கொண்டாள்.

அதற்கு மறுநாள், வெயில் தாழும் நேரத்தில், கடை வாசலில் அண்ணன் நின்றான்.

அப்பா கையிலிருந்த துண்டு கீழே விழுந்தது.

"வந்துட்டியாடா?"

"வந்துட்டேன்பா."

"தலையைப் பாரு, காடு மாதிரி. உட்காரு, உட்காரு."

அப்பா அவனை நாற்காலியில் உட்கார வைத்துப் போர்வைத் துணியைக் கட்டினார். சீப்பை எடுத்து நெற்றியிலிருந்து பின்னால் வாரினார். உச்சிக்கு வந்ததும் சீப்பு கொஞ்சம் நின்றது. பிறகு நகர்ந்தது.

சுண்டு எட்டிப் பார்த்தாள். சேவல் வால் எங்கே? அங்கே இரண்டு நத்தைகள் முட்டிக்கொண்டு படுத்திருந்தன.

"அப்பா..."

"சுண்டு, நீ வீட்டுக்குப் போய் அடுப்பை மூட்டும்மா. இன்னைக்கு மூணு பேருக்குச் சமைக்கணும்."

அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாகிவிட்டது! வாய்வரை வந்ததைச் சுண்டு விழுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

சாப்பிடும்போது வந்தவன் வெட்டு வெட்டென்று வெட்டினான். அண்ணனாக இருந்தால் பாதி முட்டையைச் சுண்டு தட்டில் தள்ளிவிடுவான். இவன் சுண்டு தட்டில் இருந்த முட்டையையும் எட்டிப் பார்த்தான்.

அப்பா தன் தட்டைப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் பேசினார். "பாதித் தலையில நான் பிடுங்கியிருக்கக் கூடாதுடா. அத்தனை பேர் முன்னால. தப்பு என்னோடதுதான்."

வந்தவன் மெல்லுவதை நிறுத்தினான். "பரவாயில்லப்பா" என்றான்.

சுண்டு தட்டைத் தள்ளி வைத்தாள். அப்பா இப்படி யாரிடமும் பேசி அவள் கேட்டதில்லை. சொல்ல வேண்டியவனிடம் சொல்லாமல், சொந்தமில்லாத எவனிடமோ சொல்லிவிட்டாரே!

காலையில் அப்பா கடைச்சாமான் வாங்கப் போனார். சுண்டுவும் அவனும் மட்டும் கடையில் இருந்தார்கள். அவன் சுழல் நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தான்.

"நீ என் அண்ணன் இல்ல" என்றாள் சுண்டு.

"யாரு சொன்னா?"

"உன் உச்சி சொன்னுது. மீசைக்காரரும் நீதான், கண்ணாடிக்காரரும் நீதான்."

நாற்காலி நின்றது. அண்ணன் இருந்த இடத்தில் மீசைக்காரர் இருந்தார். அடுத்த நொடி கண்ணாடிக்காரர். அதற்கு அடுத்த நொடி ஒரு கொழுத்த பூனை, நாற்காலியிலிருந்து குதித்துக் கதவைப் பார்த்து ஓடியது. சுண்டு ஈரத் துண்டை அதன்மேல் வீசினாள். துண்டுக்குள்ளிருந்து தும்மல் சத்தம் கேட்டது. மறுபடி அண்ணன் முகத்தோடு ஒருவன் துண்டை விலக்கி எழுந்தான்.

"நல்ல குறி, பாப்பா. பெரிய பெரிய படைத் தளபதிங்களால என்னைப் பிடிக்க முடியல."

"நீ யாரு?"

"யாருன்னு கேட்டா என்ன சொல்றது? உலகத்துல சக்கரம்கூட இல்லாத காலத்துக்கும் போயிருக்கேன். நிலாவுல ஜனங்க குடியிருக்கிற காலத்துக்கும் போயிருக்கேன். ஒரு ராஜாவோட உருவத்துல ஒரு வாரம் உட்கார்ந்து சாப்பிட்டேன், ஒருத்தனும் கண்டுபிடிக்கல. ராணிக்கு மட்டும் தெரியும்னு நினைக்கிறேன். அவங்க சொல்லல."

"திருடனா?"

"சாப்பாடு, தலைப்பாகை, ஒரு யானை. அவ்வளவுதான். யானையைத் திருப்பிக் கொடுத்துட்டேன், அது ரொம்பச் சாப்பிட்டுது."

சுண்டுவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். இப்படிப்பட்ட ஆட்களிடம் சிரித்தால் காரியம் கெட்டுவிடும்.

"உருவம் எல்லாம் மாறுது. சுழி மட்டும் ஏன் மாறல?"

"எந்தச் சுழி?"

அவன் கண்ணாடிமுன் நின்று தன் பின்தலையைப் பார்க்கச் சுற்றினான். தன் வாலைப் பிடிக்கப் பார்க்கும் நாய்க்குட்டி மாதிரி சுற்றிச் சுற்றி வந்தான். சுண்டு கைக்கண்ணாடியை எடுத்து, வாடிக்கையாளருக்குக் காட்டுகிற மாதிரி அவன் தலைக்குப் பின்னால் பிடித்தாள்.

அவன் அசையாமல் நின்றுவிட்டான்.

"நான் பார்த்த உருவத்தைத்தான் எடுப்பேன்" என்றான், கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காமல். "முன்பக்கம்தான் பார்ப்பேன். உச்சியை யாரு பார்க்கிறா? அதனால இது மட்டும் மாறாம இருந்துருக்கு. இது என்னோடது, பாப்பா. என்னோடதுல மிச்சம் இருக்கிறது இது ஒண்ணுதான்."

"உன் முகம் எங்க?"

"எங்க வீட்டுல கண்ணாடி கிடையாது. 'இதோ வந்துடறேன்'னு அம்மாகிட்ட சொல்லிட்டுக் கிளம்பினேன். என் முகத்தை நான் சரியாப் பார்த்ததே இல்ல. இப்ப எப்படித் திரும்பிப் போறது? நான்தான்னு எப்படி நம்புவாங்க?"

சொல்லிவிட்டு அவன் குரலை மாற்றிக்கொண்டான். "இதெல்லாம் எதுக்கு? நான் இங்கயே இருந்துடறேனே. உங்க அப்பா நேத்து சிரிச்சாரு, பார்த்தியா? உன் அண்ணனா இருக்கேன், கடையைப் பார்த்துக்கறேன். உனக்கு என்ன நஷ்டம்?"

சுண்டு யோசித்தாள். பொய் சொல்வானேன், கொஞ்சம் ஆசையாகத்தான் இருந்தது. அப்பாவின் சிரிப்பை மறுபடி அணைக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஆனால் யோசிக்கும்போதே வேறொன்று பளிச்சென்று பட்டது.

"பார்த்த உருவத்தைத்தான் எடுப்பியா?"

"ஆமா."

"அப்ப என் அண்ணனை எங்கயோ பார்த்திருக்கே!"

அவன் மறுபடி பூனையாக மாறப் பார்த்தான். சுண்டு துண்டைத் தூக்கிக் காட்டினாள். பூனை ஆசை போய்விட்டது.

"கப்பல் வர்ற ஊர்ல" என்று முனகினான். "பஸ் நிலையத்துக்கு எதிர்ல ஒரு சலூன். அங்க வேலை செய்யறான். நான் பார்த்தப்ப புதுசா சேர்ந்திருந்தான், மீசைகூட முளைக்கல. எனக்கு முடி வெட்டும்போது பேசிக்கிட்டே இருந்தான். 'அந்தப் பக்கம் போனா எங்க அப்பாவுக்குக் கோபம் ஆறிடுச்சான்னு பார்த்துச் சொல்லுங்க'ன்னான். பார்க்கத்தான் வந்தேன். வந்தா... சாப்பாட்டு வாசனை வந்துது."

"சாப்பாட்டுக்காக எங்க அண்ணனை மறந்துட்டே!"

"நான் எப்பவும் அப்படித்தான்" என்றான் அவன். இந்த முறை அவன் நடிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

அப்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அப்பா பையோடு உள்ளே வந்தார். அப்பாவின் சிரிப்பு அணைந்துவிடும் என்று சுண்டுவுக்குத் தெரியும். ஆனாலும் சொல்லிவிட்டாள்.

"அப்பா, இது அண்ணன் இல்லப்பா."

அப்பா பையைக் கீழே வைத்தார். "தெரியும்மா. சீப்பு வச்சதுமே தெரிஞ்சுது. அவன் தலையில என் கை எத்தனை வருஷமாப் பழகியிருக்கு!"

"அப்புறம் ஏன்பா சும்மா இருந்தீங்க?"

அப்பா நாற்காலியின் கைப்பிடியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். "மனசுல வச்சிருந்ததை யார்கிட்டயாவது சொல்லணும்போல இருந்துது. அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அவன் இல்லைன்னு தெரிஞ்சதாலதான் சொல்லவே முடிஞ்சுது."

வந்தவன் தொண்டையைச் செருமினான். "ஐயா, நான் வேணா உங்க உருவத்துல அவன்கிட்ட போய், நீங்க சொன்னதை அப்படியே சொல்லிடறேனே. ஒரு நொடி வேலை. இல்லேன்னா அந்த ஞாயிற்றுக்கிழமைக்கே போய்..."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். அவர் கண்ணில் ஆசை தெரிந்தது.

"வேண்டாம்" என்றாள் சுண்டு. "நீ போய்ச் சொன்னா, சொன்னது நீதான். அப்பா இங்க துண்டு மடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பாரு. அண்ணனுக்கும் ஒருநாள் உன் உச்சி தெரிஞ்சுடும். அவனும் சலூன்காரர் பிள்ளைதான்."

அப்பா கையிலிருந்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். சுவரிலிருந்து கடைச்சாவியை எடுத்தார்.

"கப்பல் ஊருக்கு பஸ் எப்ப?"

சுண்டுவுக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் மூலையில் நின்றவனைப் பார்த்தாள். அண்ணன் முகம்தான் போட்டிருந்தான். ஆனாலும் அண்ணன் ஒரு நாளும் அப்படித் தனியாக நின்றதில்லை.

"உனக்கு யாரு தலை வாரிவிடுவா? சின்னப் பிள்ளையில?"

"அம்மாதான்."

"அப்ப முகம் எதுக்கு? எந்த முகத்தோட வேணா போ. கிளம்பின அன்னைக்கே போ. உள்ள நுழைஞ்சதும் பேசாதே, நீ பேசினா யாரும் நம்ப மாட்டாங்க. அவங்க முன்னால உட்கார்ந்து தலையைக் குனிஞ்சுக்கோ. அவங்களுக்குத் தெரியும்."

அவன் தன் உச்சியைத் தொட்டுப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். சொல்லவில்லை. நாற்காலி ஒரு சுற்று சுற்றியது. அவன் இல்லை.

கைக்கண்ணாடியும் இல்லை.

"திருட்டுப் பயல்!" என்றார் அப்பா. ஆனால் அதில் கோபம் இல்லை.

அவன் வீடு போய்ச் சேர்ந்தானா, வழியில் எங்காவது சாப்பாட்டு வாசனைக்கு நின்றுவிட்டானா, யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்டவர்கள் திரும்பி வந்து சொல்வதில்லை.

கப்பல் ஊர் சலூனில் அண்ணன் அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று, சீப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தான். சேவல் வால் எழுந்து நின்றது. அப்பா போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"முடி வெட்டணும்" என்றார்.

அண்ணன் திரும்பிக் கண்ணாடியில் பார்த்தான். அவன் கை ஈரத்தோடு அப்படியே நின்றது. அவனுக்கு மீசை வந்திருந்தது. தாடையில் ஒரு சின்ன வெட்டுக்காயம் ஆறியிருந்தது.

"முதல் சவரம் யாருடா பண்ணா?" என்று கேட்டார் அப்பா.

"நானேதான்."

"கத்தியை ரொம்பச் சாய்ச்சிட்டே." அப்பா அந்தக் காயத்தையே பார்த்தார். ஊருக்கெல்லாம் சவரம் செய்கிறவர், மகனின் முதல் சவரத்தைத் தவறவிட்டுவிட்டார். அது இனித் திரும்பி வரப் போவதில்லை. "சரி, வெட்டு."

"எப்படி வெட்டட்டும்?"

"உன் இஷ்டம்."

அண்ணன் வெட்டத் தொடங்கினான். அப்பாவின் கைகள் போர்வைத் துணிக்குள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருந்ததைச் சுண்டு பார்த்தாள். பாதித் தலையில் ஒருமுறை துணி படபடவென்று அசைந்தது. பிறகு அடங்கியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

கழுத்தில் ஒட்டிய முடியை அண்ணன் தட்டிவிடும்போதுதான் அந்த வார்த்தைகள் வந்தன. போலி மகனிடம் சொன்னது போல அவ்வளவு சுலபமாக வரவில்லை. துண்டு துண்டாக, பாதி விழுங்கி, பாதி சொல்லி. ஆனால் சொன்னார்.

"நானும் சொல்லாம வந்திருக்கக் கூடாது" என்றான் அண்ணன்.

"நானும் சிரிச்சிருக்கக் கூடாது" என்றாள் சுண்டு.

அன்று அவன் கூட வரவில்லை. முதலாளி ஊரில் இல்லை, கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். மாசக் கடைசியில் வருவதாகச் சொன்னான். அவனுக்கென்று இப்போது ஒரு வேலை, ஒரு அறை, அவர்களுக்குத் தெரியாத சிநேகிதர்கள் எல்லாம் இருந்தார்கள். பஸ் கிளம்பும்வரை நின்று கையாட்டினான்.

பஸ்ஸில் எல்லோரும் அப்பாவின் தலையைத்தான் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் ஒட்ட வழித்து, மேலே மட்டும் புல்கட்டு மாதிரி முடி, காதுக்கு மேல் மின்னல் மாதிரி ஒரு கோடு வேறு.

"அப்பா" என்று சுண்டு காதோடு சொன்னாள். "நல்லாவே இல்லப்பா."

"எனக்குத் தெரியும். பேசாம வா."

துண்டு அவர் தோளில்தான் கிடந்தது. அவர் அதை எடுத்துத் தலையில் போட்டுக்கொள்ளவில்லை.