நான்காவது எண்

"அவர் பண்ணலைன்னு சொல்றார். எனக்கு நம்பிக்கை வரல சார். உண்மை எதுன்னு தெரிஞ்சா போதும்."

வந்தவள் ஒரு புரோகிராமரின் மனைவி. அவள் கணவன் வேலை பார்க்கும் நிறுவனம் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதுகிறது. யாரோ சோதிக்காமல் அனுப்பிய அப்டேட் மருந்தின் அளவைத் தப்பாகக் காட்டியதில் ஒரு நோயாளி இறந்துவிட்டார். அப்டேட்டில் இருந்த டிஜிட்டல் கையெழுத்து யாருடையது என்று சரிபார்த்ததும் திரையில் வந்தது அவள் கணவனின் பெயர். நாளைக்குப் போலீஸில் புகார் கொடுக்கப் போகிறார்கள்.

"சரிபார்த்தது யாரும்மா?" என்றார் துப்பறிவாளர். எதற்கும் அலட்டிக்கொள்ளாத அவருக்கு நிதானம் என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

"மேனேஜர். என் கூடப்பிறந்த அண்ணன்தான். இவருக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். பாவம், இவர் பேர் வந்த அன்னிக்குச் சாயங்காலமே பயந்துபோய், டிஜிட்டல் கையெழுத்துப் போடுற தன்னோட சாவியைக்கூடப் புதுசா மாத்திக்கிட்டார்."

"பேரே வந்திருச்சே சார், அப்புறம் என்ன?" என்றாள் உதவியாளர். அவளுக்கு அவசரம் என்று பெயர் வைத்ததில் தப்பேயில்லை. நிதானம் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டினார்.

மேனேஜரின் அறையில் எல்லோரும் கூடினார்கள். கணவன் சுவரோரம் நின்றான். மூன்று நாள் தாடி. மனைவி பக்கம் அவன் திரும்பவே இல்லை.

"ஆண்டு விழா மேடையில எல்லார் முன்னாடியும் மேனேஜர் கையெழுத்துப் போட்டு வெளியிட்ட பதிப்பு இருக்கா? அதையும் சரிபாருங்க," என்றார் நிதானம்.

அவசரம் விசையைத் தட்டினாள். திரையில் வந்ததோ மறுபடியும் கணவனின் பெயர். நிதானம் கையெழுத்தைச் சரிபார்க்கும் நிரலைத் திரையில் விரித்தார்.

"ஒவ்வொரு சாவிக்குள்ளயும் நாலு பெரிய எண். முதல் மூணும் ஆபீஸுக்கே பொது. நாலாவதுதான் ஆளுக்கு ஆள் வேற. ரெண்டு சாவியும் ஒண்ணுதானான்னு பார்க்கிற இடத்துல இந்த நிரல் மூணோட நிறுத்திக்குது. யாரோடதைக் கொடுத்தாலும் ஊழியர் பட்டியல்ல முதல்ல இருக்கிற இவர் பேரைச் சொல்லும். எழுதினது யாரு?"

"நான்தான்," என்றான் கணவன். "முதல்ல மூணு பொது எண்ணுக்கு மட்டும் எழுதினேன். நாலாவதைச் சேர்க்கும்போது அந்த இடத்தைத் திருத்த மறந்துட்டேன்."

"தன் கையெழுத்துக்கு மாப்பிள்ளை பேர் வந்தப்பவே அந்த ஓட்டை மேனேஜருக்குத் தெரிஞ்சிருக்கும்," என்றார் நிதானம். " மாப்பிள்ளைமேல பழி விழுந்தாச்சு, அப்புறம் இவர் ஏன் தன் சாவியை மாத்தணும்? பட்டியல்ல இருந்த தன் பழைய எண் போயிடணும்னுதான். ஆனா மேடையில வெளியிட்ட பதிப்புக்குள்ள அது அப்படியே இருக்கு. அப்டேட்டுல இருக்கிறதும் அதே எண்."

இரண்டு எண்களும் திரையில் அருகருகே நின்றன.

"அவசரத்துல அனுப்பிட்டேன்மா," என்றார் தங்கையிடம். "மாப்பிள்ளை பேர் வந்ததும் வாயை மூடிக்கிட்டேன். எனக்கு ரெண்டு பொண்ணுங்க..."

"எனக்கு இருக்கிறது ஒரே புருஷன்ணா."

அவள் கணவனின் கையைப் பிடித்தாள். அவன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டான்.

"நான் பண்ணலைன்னு உன்கிட்ட எத்தனை தடவை சொன்னேன்? இப்ப எண்ணைக் காட்டினதும் நம்புற."

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தான் விட்ட பிழையைத் திருத்தத் தொடங்கினான். அவள் கதவோரம் வெகுநேரம் நின்றாள். வீட்டுக்குப் போகலாம் என்று அவன் கடைசிவரை சொல்லவில்லை.