உப்பு ரோட்டில் ஒரு சிவப்பு கார்

டக்! டக்! டக்!

கார்க் கண்ணாடியை யாரோ தட்டினார்கள்.

ஆன்ஸ்கார் உறைந்து போனான்.

பக்கத்து சீட்டில் அவன் சித்தப்பா எக்கார்ட் ஏற்கெனவே உறைந்து போயிருந்தார். தலையில் தொப்பி. கண்ணில் கறுப்புக் கண்ணாடி. மார்புக்குக் குறுக்கே சீட் பெல்ட்!

பிணத்துக்குப் பெல்ட் போட்டுவிட்டிருந்தான் ஆன்ஸ்கார். கொலை வேறு... போக்குவரத்து விதி வேறு!

திட்டம் சுலபமானது. மதிய சூப்பில் தூக்க மாத்திரை. ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலையில் அணைக்கட்டு வளைவு. பனியில் வழுக்கிய கார், பள்ளத்தில் சித்தப்பா, வீடு ஆன்ஸ்காருக்கு!

திங்கட்கிழமை வந்தால் கிழவர் உயிலை மாற்றி, எல்லாவற்றையும் பழைய கார் கிளப்புக்கு எழுதிவிடுவார்.

மாத்திரை கொஞ்சம் கூடிப்போனது. கார் கொட்டகையிலேயே கிழவரின் தலை சாய்ந்துவிட்டது. கைரேகை விழாதிருக்கப் போட்ட தடிக் கையுறையோடு, மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தான்.

துடிப்பே இல்லை!

பள்ளத்துக்கு வேலை மிச்சம் என்று நினைத்தான். ஆனால் வளைவுக்கு முன்னாலேயே ஒரு லாரி வழுக்கி, ரோட்டை அடைத்துக்கொண்டு குறுக்கே நின்றது. ஒரு பக்கம் பாறை. ஒரு பக்கம் பள்ளத் தடுப்பு. பின்னால் ஒட்டி ஒரு வேன்.

அந்த வேனிலிருந்துதான் ரோஸ்விதா இறங்கி வந்திருந்தார். கார் கிளப்பின் செயலாளர்!

"எக்கார்ட் கார்தானே இது? நவம்பர்லயா!"

கண்ணாடியை இறக்கியவன், அவரைப் பார்த்ததும் மறுபடி ஏற்றப் பார்த்தான். பாதியில் சிக்கிக்கொண்டது. அறுபது வருஷத்துக் கார்.

"சும்மா... ஒரு ரவுண்டு, மேடம்."

"ரவுண்டா? போன மாசக் கடைசியில நானும்தானே கூட இருந்தேன் தம்பி! பேட்டரியைக் கழட்டி, டேங்க்கை ரொப்பி, எலி பூந்துடாம சைலன்ஸர்ல துணி அடைச்சு, மேல போர்வை போத்தி... 'ஏப்ரல்ல பாக்கலாம் செல்லம்'னு முத்தம் குடுத்துட்டு வந்தாரு. பொண்டாட்டி விட்டுட்டுப் போனப்பகூட அழாத மனுஷன், அன்னைக்கு அழுதாரு!"

அதையெல்லாம் பிடுங்கிப் போட்டு வண்டியைக் கிளப்புவதற்குள் ஆன்ஸ்காருக்குப் பாதி உயிர் போயிருந்தது. மீதி இப்போது போய்க்கொண்டிருந்தது.

"சித்தப்பா மனசு மாறிட்டாரு..."

"கீழ பாரு! ரோடு பூரா கொட்டியிருக்கே, உப்பு! பனி உருகறதுக்குப் போட்டது. தகட்டுல பட்டா துரு தின்னுடும். இந்த உப்புல காரை எடுக்கறதுக்குப் பதிலா அந்த ஆளு கிட்னியை எடுத்துக் குடுப்பாரு!"

குனிந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன எக்கார்ட், வாயில கொழுக்கட்டையா?"

"தூங்கறாரு மேடம்!"

"உப்பு ரோட்டுலயா... தூங்கறாரு?"

ரோஸ்விதாவின் கண்கள் இடுங்கின. நிமிர்ந்து கையை ஆட்டினார்.

"போலீஸ்! இங்க கொஞ்சம் வாங்க!"

ஓடிவிடலாமா? அந்தப் பக்கக் கதவுக்கு முன்னால் பிணம். இந்தப் பக்கக் கதவை ரோஸ்விதா அடைத்துக்கொண்டு நின்றார். குளிரில் ஆன்ஸ்காருக்கு வியர்த்துக் கொட்டியது!

லாரியருகே நின்ற போலீஸ்காரி ஹாய்கே நிதானமாக வந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. நம்பர் பிளேட்டைத்தான் பார்த்தாள்.

"நாலுலேர்ந்து பத்துன்னு பிளேட்லயே போட்டிருக்கு. ஏப்ரல்லேர்ந்து அக்டோபர் வரைக்கும்தான் ஓட்டலாம். இது என்ன மாசம்?"

"நவம்பர்..."

"காதுல விழலை."

"நவம்பர்!"

"அபராதம்."

அவ்வளவுதானா! ஆன்ஸ்காருக்கு மூச்சு வந்தது.

"இப்பவே கட்டிடறேன் மேடம்!"

"ஓனர் யாரு? இவரா? எழுப்புங்க."

வந்த மூச்சு போயிற்று.

"அவர்... அசந்து தூங்கறாரு..."

"நகருப்பா!" ரோஸ்விதா ஜன்னலுக்குள் தலையை நுழைத்துக் கத்தினார். "யோவ் எக்கார்ட்! உன் காரை உப்புல இறக்கிட்டான்யா!"

பிறகு...

பிணத்தின் மீசை துடித்தது!

கை மெல்ல மேலே வந்தது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியது.

"உ... உப்பா?"

"ஆஆஆ!" ஆன்ஸ்கார் அலறினான். "நீங்க செத்துட்டீங்களே! சூப்புல அத்தனை மாத்திரை போட்டேனே! நாடி பார்த்தேனே!"

தடிக் கையுறையோடு தேடினால் யாருக்குத்தான் நாடி கிடைக்கும்?

க்ளிக்! விலங்கு விழுந்தது... கையுறைக்கு மேலேயே.

எக்கார்ட் தள்ளாடி இறங்கினார். சக்கரத்தருகே மண்டியிட்டார். தகட்டை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

கரித்தது.

கண் கலங்கிவிட்டது.

"பெரியவரே, கொலை முயற்சின்னு எழுதிக்கவா?" ஹாய்கே கேட்டாள்.

"அதெல்லாம் மெதுவா எழுதிக்கலாம்மா. முதல்ல நவம்பர்ல வண்டியை எடுத்தான்னு எழுது... அந்தக் கேஸ்ல ஜாமீனே கிடைக்கக் கூடாது!"