சுவரிலிருந்து நாலு விரல்

புத்தக அலமாரி நகர்ந்திருந்தது. ஈரம் ஏறாமல் காற்றோடட்டும் என்று சுவருக்கு நாலு விரல் தள்ளித்தான் அதை நிறுத்தியிருந்தாள். இப்போது இடைவெளி ஒரு முழம். முதுகுப்பலகை இல்லாத இரும்பு அலமாரி, நிறையப் புத்தகம். தானாக நகருமா என்ன?

தம் கட்டித் தள்ளி வைத்தாள். மறுநாள் காலையில் அது கட்டிலை இடித்துக்கொண்டு நின்றது.

"அண்ணி, அலமாரியை இழுத்தீங்களா?"

"எனக்கு வேற வேலை இல்லையா? கதவே திறக்க மாட்டேங்குது பாரு. சாயங்காலம் பழைய பேப்பர்காரர் வர்றாரு. பாதிய எடுத்து வெளிய வை. இங்க இடமில்ல."

அச்சுப் பிழை திருத்திப் பிழைக்கிறவள் அவள். வாடகை வீடு போய், அண்ணன் வீட்டுக் கடைசி அறைக்கு வந்தபோது கூட்டிவந்த சொந்தம் இந்தப் புத்தகங்கள்தான். கட்டிலுக்கடியில் பெட்டிகள், கதவுக்கு மேலே பலகை என்று எல்லாவற்றையும் எப்படியோ அடக்கியிருந்தாள். ஒன்றைக்கூடக் கொடுப்பதாக இல்லை.

அண்ணி கடைக்குக் கிளம்பியதும் கதவைச் சாத்தினாள். அலமாரியின் பின்னாலிருந்து பாச்சை உருண்டை வாசமும், பூஞ்சை வாசமும், அவற்றுக்கு அடியில் நாள்கணக்கில் குளிக்காத தலையின் வாசமும் மெல்ல மெல்லக் கிளம்பி அறையை நிறைத்தன. யாரோ எச்சில் விழுங்கும் சத்தம் கேட்டது. அவளுக்குப் பயத்தைவிட எரிச்சல்தான் அதிகமாக வந்தது. இருப்பதே இத்தனூண்டு அறை, இதிலும் பங்குக்கு ஆளா?

பெட்டிகளை இழுத்தாள். கனத்த அகராதிகளை அடியிலும் மெலிந்தவற்றை மேலேயுமாக அந்த இடைவெளி முழுக்க அடுக்கினாள், விரல் நுழையாதபடி. பிறகு தோளைக் கொடுத்து அலமாரியைத் தள்ளினாள்.

சத்தம் நின்றது.

நடுத்தட்டில் ஒரு புத்தகம் மட்டும் அசைந்தது. முன்னால் வந்தது. இன்னும் கொஞ்சம். கீழே விழுந்தது.

அந்த ஓட்டைக்குள் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். உள்ளே அவள் அடுக்கிய புத்தகம் இல்லை. ஈரம். இன்னொரு உள்ளங்கை. ஒவ்வொரு விரலாக வந்து அவள் விரல்மேல் படிந்தது. நாலு விரல்தான்.

அலற வாய் திறந்தாள். வேறொன்று வந்தது.

"இங்க இடமில்ல!"

அது பிடித்துக்கொண்டது. அவளும் விடவில்லை. தள்ளினாள். அலமாரி கிறீச்சிட்டுச் சுவர்ப்பக்கம் நகர்ந்தது. இடைவெளி நாலு விரல். மூன்று. ஒன்று.

வாசலில் தராசுத் தட்டு மோதும் சத்தம். அண்ணியின் குரல். கதவு இந்த முறை தாராளமாகத் திறந்தது.

அவள் கை முழங்கை வரை சுவருக்குள் போயிருந்தது. அவள் இன்னும் தள்ளிக்கொண்டிருந்தாள்.