‘காலி’ என்றால்

தம்பி சொன்ன இடம் அந்த வரைபடத்திலேயே இல்லை.

“மாடிப்படிக்குக் கீழ ஒருத்தன்” என்று ஹெட்போனில் அவன் குரல் கேட்டது. அக்கா மவுஸைத் திருப்பினாள். ஆட்டத்தில் வரும் கிடங்கின் மாடிப்படி கெட்டியான கான்கிரீட். அதன் கீழே எறும்பு நுழையவும் இடம் கிடையாது.

“மாடிப்படிக்குக் கீழ ஏதுடா இடம்?”

“நான் ஒண்ணும் சொல்லலையே” என்றான் தம்பி. “சித்தப்பா, நீங்களா?”

“என் வாயில பிஸ்கட் இருக்கு. பேசினா மானிட்டரைத்தான் துடைக்கணும்.”

மூவரும் சிரித்தார்கள். பயிற்சி ஆட்டம் தொடர்ந்தது.

மாலை ஐந்து மணிக்குத் தரவரிசை ஆட்டங்கள் தொடங்கவிருந்தன. தம்பி வேலை பார்க்கும் ஊரிலிருந்து ஆடினான். அவளைவிட ஆறே வயது மூத்த சித்தப்பா, தன் மருந்துக்கடையின் பின்னறையிலிருந்து ஆடினார். அவள் மட்டும் அப்பாவோடு பழைய வீட்டிலேயே தங்கி, மாடியறையிலிருந்து ஆடினாள். எதிரி எங்கே என்பதை ஒரே சொல்லில் சொல்ல வேண்டும். அரை நொடி யோசித்தால் ஆள் கைநழுவிவிடுவான். மூவரும் வளர்ந்தது இந்த வீட்டில்தான் என்பதால் கிடங்கின் மூலைமுடுக்குகளுக்கு இந்த வீட்டின் பெயர்களையே வைத்திருந்தார்கள். கிடங்கின் வாசலுக்கு முன்னறை என்று பெயர். நடுவெளி கூடம். பிறகு சமையலறை, மாடிப்படி, அப்பா ரூம், அக்கா ரூம். மொத்தம் ஆறு.

சொற்களுக்கும் கண்டிப்பு இருந்தது. போன பருவத்தில் தம்பி ஓர் எதிரியைச் சுட்டுவிட்டு “சமையலறை காலி” என்றான். அறையில் ஆளில்லை, எங்கோ ஒளிந்திருக்கிறான் என்று எடுத்துக்கொண்ட அக்கா, செத்தவனைத் தேடிக்கொண்டே ஆட்டத்தைக் கோட்டைவிட்டாள். அன்று சித்தப்பா தீர்ப்புச் சொன்னார்: “ஆள் இல்லேன்னா ‘யாரும் இல்ல’ன்னு சொல்லு. ஆள் செத்தா மட்டும்தான் ‘காலி’. மாத்திச் சொன்னா தோலை உரிச்சுடுவேன்.”

அணிக்கு வைத்திருந்தது குடும்பப் பெயர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான அப்பா அதற்கு லேசில் சம்மதிக்கவில்லை. கடைசியில் ஒரே நிபந்தனை போட்டார்: “நம்ம பேரை வெச்சுக்கிட்டு ஆடினா, பாதியில எழுந்து ஓடக்கூடாது.” முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து மூன்று வாரமாகக் கீழறையில் படுத்திருந்தார். கூப்பிட வசதியாகத் தலைமாட்டில் ஒரு சிறிய மணி வைத்திருந்தாள். ஒரு நாளும் அவர் அதைத் தொட்டதில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் சுவரைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு தானே எழுந்து போவார். யாரிடமும் உதவி கேட்க அவருக்கு முதுகு வளையாது.

“மாடிப்படிக்குக் கீழதான் இருக்கான்” என்றது தம்பியின் குரல் மறுபடியும். இம்முறை மூச்சு மைக்கில் உரசும் அளவுக்கு நெருக்கமாக.

திரையில் தம்பியின் பெயருக்குப் பக்கத்தில், பேசினால் ஒளிரும் விளக்கு எரியவில்லை.

அக்கா ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கீழே இறங்கினாள். திரைச்சீலைகள் மூடிய கூடத்தில் பிற்பகல் வெளிச்சம் பழைய எண்ணெயின் நிறத்தில் தேங்கியிருந்தது. சமையலறைக் குழாய் சொட்டும் சத்தமும் சுவர்க் கடிகாரத்தின் சத்தமும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. மாடிப்படிக்குக் கீழே மடக்குக் கட்டிலுக்கும் பழைய செருப்புகளுக்கும் நடுவில், மழையில் நனைந்து காயாமல் மூட்டை கட்டிய துணியின் வாடை அடித்தது. மழை பெய்து ஒரு மாதமாகியிருந்தது. தரையில் படிந்த தூசியில், யாரோ குத்தவைத்து உட்கார்ந்து எழுந்ததுபோல் ஒரு வட்டம் மட்டும் சுத்தமாக இருந்தது.

வீட்டு வேலைக்கு வரும் பெண்மணி அரைகுறையாகப் பெருக்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்பா விழித்திருந்தார்.

“ஆட்டம் முடிஞ்சுதா?”

“இல்லப்பா. சும்மா, உங்களைப் பார்க்கலாம்னு…”

“பாதியில எழுந்து வந்துட்டியா?”

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். காது சூடேற அவள் மேலே வந்தாள். சத்தம் அவர் தூக்கத்தைக் கெடுக்காதிருக்கக் கதவைச் சாத்தித் தாழிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

நாலு நாற்பதுக்குப் பயிற்சி முடிந்தது. “பத்து நிமிஷம். டீ குடிச்சிட்டு வந்துடறோம்” என்றார் சித்தப்பா. “நீ ஓடிடாதே தாயி.” இரண்டு பெயர்களும் சாம்பல் நிறமாயின. இணைப்பில் அவள் மட்டும் இருந்தாள்.

மின்விசிறி சுற்றியது. கணினி முனகியது.

“மாடிப்படிக்குக் கீழ யாரும் இல்ல.”

தம்பியின் குரல். சாம்பல் நிறப் பெயர் அப்படியே இருந்தது.

யாரும் இல்ல. கீழே இருந்தது கிளம்பிவிட்டது.

“கூடம்.”

கீழே மரநாற்காலி தரையில் இழுபட்டது. அந்தச் சத்தம் ஹெட்போனில் வரவில்லை. வீட்டில் வந்தது.

“சமையலறை. யாரும் இல்ல.”

குழாய் சொட்டுவது நின்றது.

எழுந்திரு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கால்கள் வேறு யாருடையவோ போல் மேசைக்குக் கீழே தொங்கின. அப்பா என்று கத்த வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது.

“அப்பா ரூம்.”

மணி அடித்தது.

ஒரே ஒரு தடவை. தண்ணீருக்கும் வலிக்கும் அடிக்காத அப்பா அடித்தார். இரண்டாவது அடி பாதியில் நின்றது, யாரோ உள்ளங்கையால் பொத்தியதுபோல்.

விரலை அசைக்கப் பார்த்தாள். ஒரு விரலாவது. முடியவில்லை.

வெகுநேரம் ஒன்றும் இல்லை.

“அப்பா காலி.”

கண்ணீர் தாடைவரை வழிந்தது. துடைக்கக் கை வரவில்லை.

“மாடிப்படி.”

ஏழாவது படி எப்போதும் முனகும். முனகியது.

கதவுக்கு அடியில் அந்த ஈரத் துணி வாடை.

தாழ்ப்பாள் அசையவில்லை. கதவு திறக்கவில்லை.

“அக்கா ரூம்.”

வாடை இப்போது அறைக்குள் இருந்தது.

திரையில் இரண்டு பெயர்களும் பச்சையாயின.

“வந்துட்டோம்” என்றான் தம்பி. இது அவன்தான், அவன் பெயருக்குப் பக்கத்தில் விளக்கு எரிந்தது. “அக்கா, ரெடியா?”

தம்பி என்று கூப்பிட நினைத்தாள். நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக் கிடந்தது.

“ரெடி” என்றது அவள் குரல்.

அவள் பெயருக்குப் பக்கத்தில் விளக்கு எரிந்தது. அவள் உதடுகள் மூடியிருந்தன.

“அப்பா தூங்கறாரா? கொஞ்சம் சத்தம் போட்டு ஆடலாமா?”

“போடலாம். எழுந்திரிக்க மாட்டார்.”

“அப்புறமென்ன!” என்றார் சித்தப்பா. “பேரைக் காப்பாத்தணும். இன்னிக்கு பாதியில யாரும் ஓடக்கூடாது, தெரிஞ்சுதா?”

“ஓட முடியாது” என்று அவள் குரல் சிரித்தது. அவர்களும் சிரித்தார்கள்.

ஆட்டம் தொடங்குமுன் திரை ஒரு கணம் கறுத்தது. கறுத்த கண்ணாடியில் நாற்காலி தெரிந்தது. தாழிட்ட கதவு தெரிந்தது. அவள் முகம் தெரிந்தது. அவள் கன்னத்தோடு கன்னம் ஒட்டி, ஹெட்போனின் வெளிப்பக்கம் காதை அழுத்திக் கேட்டுக்கொண்டிருந்த இன்னொரு முகம் தெரிந்தது. அதன் வாய் மைக்கின் மேல் இருந்தது.