கரையில்லாத ஊரில் ஓர் இமிகிரேஷன் ஆபீசர்

1976, மே மாதம். காலை 10.20. வெள்ளையம்மாளின் தகரப் பெட்டியில் எல்லாம் இருந்தன. பாஸ்போர்ட் மட்டும் இல்லை.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தை விட்டு, இரண்டு வருஷம் முன்பு ராமேஸ்வரத்தில் கப்பலிறங்கி, திருவண்ணாமலையை ஒட்டிய அடி அண்ணாமலைக்கு வந்து சேர்ந்தவள். தாயகம் திரும்பியோருக்கு மனைப்பட்டா கொடுப்பது இன்று மாலை ஐந்து மணியோடு சரி. பாஸ்போர்ட் காட்டாதவர் பெயர் அடிக்கப்படும்.

11.05. போலீஸ் ஸ்டேஷன். ரைட்டர் அய்யூப் பேனாவைத் திறந்தார்.

"பெட்டியக் கடைசியா யாரும்மா தொட்டது?"

"நேத்து இமிகிரேஷன் ஆபீசர்னு ஒருத்தர் வந்தாருங்க. கடல் தாண்டி வந்தவங்களச் சோதிக்க அதிகாரம் இருக்குதுன்னு எல்லாத்தையும் கொட்டிப் பாத்தாரு. அவரு போனப்புறம் காணோங்க."

"ஆபீசர் மேலயே புகாரா?" இன்ஸ்பெக்டர் இராமலிங்கத்துக்கு வியர்த்தது. ஆபீசர் தங்கியிருந்த லாட்ஜுக்கு ஜீப் போயிற்று. பிடித்துவர அல்ல, அழைத்துவர.

12.00. ஆபீசர் தசரதன் வந்தார். கறுப்புக் கண்ணாடி, சஃபாரி சூட், 'இரகசியம்' என்று எழுதி அரக்கு வைத்த ஃபைல். இன்ஸ்பெக்டர் தன் நாற்காலியையே கொடுத்துவிட்டு நின்றார். சோடா வந்தது.

"கேள்வி கேக்க, பெட்டியத் திறக்க, பேப்பரப் புடிச்சு வெக்க எனக்கு பவர் இருக்கு. என்னைக் கேக்கத்தான் யாருக்கும் பவர் இல்ல."

"ரெஜிஸ்டருக்காகத்தான் சார்," என்றார் அய்யூப். "எத்தினி வருஷ சர்வீசு?"

"பத்து. தனுஷ்கோடியில கப்பல விட்டு எறங்குன அத்தினி பேரையும் சோதிச்சவன் நானு. ஒரு ஈ தப்பினதில்ல."

இன்ஸ்பெக்டர் பயபக்தியோடு தலையாட்டினார். அய்யூப் எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார்.

"அந்த ஃபைலைக் குடுங்க சார்."

"அரக்கு தெரியல?"

"தெரியுது. தனுஷ்கோடியக் கடல் கொண்டுபோயி பன்னெண்டு வருஷம் ஆச்சு. அப்புறம் கப்பல் வர்றது ராமேஸ்வரத்துக்கு. பத்து வருஷமா நீங்க யாரைச் சோதிச்சீங்க, மீனையா? நெஜ ஆபீசரா இருந்தாலும், கரையில எறங்குறப்ப பாக்குறதுதான் வேலை. குடிசையில வந்து பெட்டியக் கொட்ட, திருவண்ணாமலையில கடல் எங்க கீது?"

சோடா பாதியில் நின்றது. அரக்கை உடைக்க இன்ஸ்பெக்டர் தயங்கினார்; அய்யூப் உடைத்தார். உள்ளே வெள்ளையம்மாளின் பாஸ்போர்ட், ஒரு பசைக் குப்பி, ஒட்டுவதற்குத் தயாராக வேறொரு பெண்ணின் போட்டோ.

"யாரு இந்தம்மா?"

"மச்சினிங்க," என்றார் தசரதன். அதிகாரம் போய் 'ங்க' வந்திருந்தது. "மனை அவ கைக்கு வரும்னு..."

"தனுஷ்கோடி விஷயம் எனக்கும் தெரியுமேய்யா," என்றார் இன்ஸ்பெக்டர்.

"தெரியும் சார். நின்னுக்கிட்டே இருந்தீங்களா, ஞாபகம் வரல."

4.40. தாலுகா ஆபீஸ். குமாஸ்தா பாஸ்போர்ட்டைப் புரட்டினார். "எறங்குன ஊரு?"

"ராமேஸ்வரம்," என்றாள் வெள்ளையம்மாள், ஸ்டேஷன் வரைக்கும் கேட்கும்படி.