முட்டுக்குக் கீழே வழிச்சொல்லி

ஆய்வாளர் குற்றாலிங்கம் காருக்குள் தலையை விட்டு வழிச்சொல்லியைத் தேடுவதை ஜெசிந்தா கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தாள். சட்டப்படி அது இருக்க வேண்டிய இடம் டேஷ்போர்டின் நட்டநடு. அங்கே ஒரு சாண் உயரத்தில் பனிமய மாதா நின்றுகொண்டிருந்தாள். ஏசி துவாரத்தைத் தடவினார், இல்லை. முன்கண்ணாடியின் வலது ஓரத்தைப் பார்த்தார், அங்கும் இல்லை. வழிச்சொல்லி இல்லாத வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. வண்டித் தகுதி பார்க்கும் எஃப்.சி. மைதானம் வரை இந்த வண்டி ஓடி வந்திருக்கிறது என்றால் அது எங்கோ இருந்தாக வேண்டும்.

“எங்கக்கா வெச்சிருக்கிய?”

“முட்டுக்குக் கீழ, சார்.”

அவர் குனிந்து பார்த்தார். ஸ்டியரிங்குக்கு அடியில், ஓட்டுகிறவரின் வலது முட்டுக்குச் சற்று முன்னால், நான்கு திருகாணி போட்டு அது இறுக்கப்பட்டிருந்தது. அதன் பட்டாணி அளவுக் கண், ஸ்டியரிங்கின் இடைவெளி வழியாக மேலே அண்ணாந்து பார்த்தது. திரையைப் பார்க்க வேண்டுமானால் ஓட்டுகிறவர் ஸ்டியரிங்குக்கு அடியில் தலையைக் கொடுக்க வேண்டும். குரல் மட்டும் கேட்கும். ஜெசிந்தாவுக்கு அது போதுமாக இருந்தது. அதையும் அவள் பாதி நேரம் கேட்பதில்லை.

வழிச்சொல்லி என்றால் வழி மட்டும் சொல்கிற பெட்டி என்று நினைத்துவிடக் கூடாது. தானே ஓடும் கார்கள் நம் ஊரில் மூன்றே மாதம்தான் ஓடின. நடுரோட்டில் படுத்திருக்கும் மாடு எப்போது எழும், எழுந்தால் எந்தப் பக்கம் திரும்பும் என்று கணிக்கிற இயந்திரம் இன்னும் பிறக்கவில்லை. ஓட்டுவது மனிதனாகத்தான் இருக்க வேண்டும் என்று தீர்ப்பும் வந்துவிட்டது. அப்போது யாருக்கோ மூளை வேலை செய்தது. கம்பத்துக்குக் கம்பம் கேமரா மாட்டுவானேன், ஓட்டுகிறவரின் கண்ணைப் படித்தால் போதாதா? பள்ளத்தைக் கண்டால் கண்மணி விரியும். ஆட்டைக் கண்டால் பார்வை துள்ளும். வழிச்சொல்லி அதைப் படித்து, அந்த இடத்தைக் குறித்து, அடுத்த நொடியே மாவட்டத்தின் எல்லா வண்டிகளுக்கும் அனுப்பிவிடும். ஒருவர் பயந்தால் போதும், மற்றவர்கள் தப்பித்துக்கொள்ளலாம்.

நல்ல யோசனைதான். அதற்கு ஒரு விதி போட்டார்கள், அங்கேதான் வினை வந்தது. ஸ்டியரிங் மையத்திலிருந்து சரியாகப் பதினான்கு விரற்கடை தள்ளி, டேஷ்போர்டின் நடுவில், திரை ஓட்டுநரைப் பார்த்தபடி இருக்க வேண்டும் என்றார்கள். நம் ஊர் வண்டிகளில் அந்த இடம் காலியாகவா கிடந்தது? பிள்ளையார் கையுறைப் பெட்டிக்குள் போனார். முருகன் பின்கண்ணாடிக்குப் போனார். 786 கதவோரம் ஒதுங்கியது. எந்த மதமும் சண்டைக்கு வரவில்லை. எல்லாத் தெய்வங்களும் ஒற்றுமையாக ஓரம் கட்டப்பட்டன.

ஜெசிந்தாவும் முதலில் மாதாவைப் பின்னால்தான் வைத்தாள். ஒரே வாரம். அந்த வாரத்தின் ஆறாவது நாள், தருவைகுளம் போகும் வழியில், உப்பளத்து வேலை முடிந்து சைக்கிளில் ஏறிய ஒரு பெண்ணுக்கும் அவளுடைய பம்பருக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லாமல் வண்டி நின்றது. திரையில் சாலை பச்சையாக, வெறுமையாக, அழகாக இருந்தது. ஜெசிந்தா அந்த அழகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் திட்டவில்லை, சாபம் விடவில்லை, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். திட்டியிருந்தால் தேவலை. அன்று மாலையே மாதாவை எம்சீல் போட்டு நடுவில் ஒட்டி, பெட்டியைக் கீழே இறக்கிவிட்டாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. டாக்சி ஸ்டாண்டில் கேட்டவர்களிடம் பக்தி என்று சொல்லிவிட்டாள். பக்தி என்றால் மேற்கொண்டு யாரும் கேட்க மாட்டார்கள்.

குற்றாலிங்கம் கெட்டவர் அல்ல. மாதாவை ஒரு இரண்டு விரல் நகர்த்தினால்கூட ஏதாவது பார்த்துச் செய்யலாம் என்று தணிந்த குரலில் சொன்னார். அவள் முடியாது என்றாள். ஊரே ஒத்துக்கொண்டதற்கு நீங்கள் மட்டும் ஏன் முரண்டு பிடிக்கிறீர்கள் என்று கேட்டார். அதற்கும் அவள் முடியாது என்றே சொன்னாள். பெருமூச்சு விட்டு அறிக்கையில் எழுதினார். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் நடுவுக்கு மாற்றாவிட்டால் வண்டி தானாகப் பூட்டிக்கொள்ளும்.

வண்டி போனால் ஜெசிந்தாவுக்கு வேறு ஒன்றும் இல்லை. பத்தொன்பது வருடம் ஸ்டியரிங் பிடித்த கை. துறைமுகத்துக் கப்பல்காரர்கள் முதல் பிரசவத்துக்குத் துடிக்கிறவர்கள் வரை, அவசரம் என்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். வெள்ளிக்கு முந்தின மூன்று நாளும் ஸ்டாண்டில் ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். எல்லாரும் சொல்லி முடித்து, ஓட்டிக்கொண்டு போகும்போது திரையைப் பார்த்துக் குனிந்த தலையோடு போனதை அவள் பார்த்தாள். மறுபடி அப்படி ஆவதற்குப் பதில் நடந்தே போகலாம் என்று அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு, வீட்டுக்கு முன்னால் நின்ற வண்டிக்குள் உட்கார்ந்து நான்கு கதவையும் உள்ளே பூட்டிக்கொண்டாள். தூக்கிக்கொண்டு போவதாக இருந்தால் தன்னையும் சேர்த்துத் தூக்கட்டும் என்பது அவள் எண்ணம். ஆனால் வந்தது இழுவை வண்டி அல்ல. குற்றாலிங்கத்தோடு, சென்னையிலிருந்து வழிச்சொல்லி ஆணையத்தின் தலைமைப் பொறியாளர் நப்பின்னை வந்திருந்தார். கண்ணாடியைத் தட்டி, உள்ளே உட்காரலாமா என்று மரியாதையாகக் கேட்டார். மரியாதையாகக் கேட்டதால் கதவைத் திறந்தாள்.

நப்பின்னை சொன்னதை நம்ப ஜெசிந்தாவுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மாவட்டத்தில் பதினோராயிரம் வண்டிகள். கடந்த பதினான்கு மாதங்களில் பதிவான பள்ளம், தேங்கிய தண்ணீர், அறுந்த கம்பி, குறுக்கே வந்த ஆடு அத்தனையும் ஒரே ஒரு வண்டியிலிருந்து வந்தவை. மற்ற ஓட்டுநர்கள் சாலையைப் பார்ப்பதே இல்லை, திரையைப் பார்க்கிறார்கள். திரை பச்சையாக இருப்பதால் கண் அமைதியாக இருக்கிறது. கண் அமைதியாக இருப்பதால் திரை பச்சையாக இருக்கிறது. வேலிக்கு ஓணான் சாட்சி. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் விபத்து மூன்று மடங்காவதற்குக் குடிதான் காரணம் என்று ஆணையம் இரண்டு அறிக்கைகள் எழுதியிருந்தது. உண்மையில் ஞாயிறன்று ஜெசிந்தா பூசைக்குப் போய்விடுவாள், வண்டி எடுப்பதில்லை. ஒரு குறிப்பிட்ட தெருவில் எட்டு மாதமாக எல்லாரும் ஒரே குழியில் விழுந்துகொண்டிருந்தார்கள். அது அவளுடைய நாத்தனார் வீட்டுத் தெரு. பேச்சுவார்த்தை நின்ற நாளிலிருந்து அவள் அந்தப் பக்கம் போவதில்லை.

“திரையைப் பாக்குற கண்ணை நேத்துலேர்ந்து கணக்குல எடுக்க வேண்டாம்னு மாத்திட்டோம்,” என்றார் நப்பின்னை. “இப்ப திரையைப் பாக்காம ஓட்டுறது உங்க கண் மட்டும்தான், அதைத்தான் நம்புது. நீங்க பார்க்காத இடத்துல திரை ஒண்ணும் காட்டாம வெள்ளையாயிடும், உங்க வண்டி பூட்டிட்டா எல்லாருக்கும் எல்லா இடத்துலயும் வெள்ளைதான். அதனாலதான் நேர்ல வந்தேன்.”

பையிலிருந்து கைரேகை வைக்கிற ஒரு தட்டைத் திரையை எடுத்து நீட்டினார். சிறப்பு அனுமதி. ஜெசிந்தாவின் பெட்டி முட்டுக்குக் கீழேயே இருக்கலாம், அவள் ஒருத்திக்கு மட்டும் விலக்கு. பதவியின் பெயர் மாவட்டக் கண். தினமும் எந்தெந்தத் தெரு என்று வழிச்சொல்லியே பட்டியல் கொடுக்கும். ஞாயிறும் உண்டு. நாத்தனார் தெரு பட்டியலில் முதலில் இருந்தது. கைரேகை வைத்தால் பன்னிரண்டு மணிப் பூட்டு ரத்தாகிவிடும்.

ஜெசிந்தாவுக்கு ஒரு நிமிடம் பெருமையாகத்தான் இருந்தது. அதை மறைப்பானேன்? பிறகு கேட்டாள்.

“அப்ப மத்தவங்க?”

“அவங்க எப்பவும்போல ஓட்டட்டும். நீங்க பார்த்தா போதும்.”

எப்பவும்போல. உப்பளத்துச் சாலையில் இன்னொரு சைக்கிள் வரும்போது அவள் வேறு தெருவில் இருந்தால்? காய்ச்சலில் படுத்திருந்தால்? ஒரு தும்மல் போட்டால்? பதினோராயிரம் குனிந்த தலைகளுக்கு அவள் ஒருத்தி நிமிர்ந்து உட்கார வேண்டுமாம், அவர்கள் நிமிரவே தேவையில்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

“கைரேக வைக்க மாட்டேன், மேடம்,” என்றாள். “விதி உங்க விதி. பன்னெண்டு மணிக்குப் பூட்டுங்க.”

நப்பின்னையின் முகம் மாறியது. வண்டி பூட்டிக்கொண்டால் மாவட்டமே வெள்ளையாகிவிடும் என்றார். பின்சீட்டில் ஏறியிருந்த குற்றாலிங்கம், யாராவது அடிபட்டால் அந்தப் பாவம் யாருக்கு என்று கேட்டார். அந்தக் கேள்வி அவளைச் சுட்டது. ஆனால் அவளிடம் பதில் இருந்தது.

“பச்சையா இருந்தாத்தான் சார் அடிபடுவாவ. ஒண்ணும் தெரியலன்னா நிமிந்து பாத்துல்லா போவணும்.”

பூட்டை நிறுத்த நப்பின்னை எங்கெங்கோ பேசினார். ஓட்டுநரின் ரேகை இல்லாமல் முடியாது என்று எல்லா இடத்திலும் ஒரே பதில். அந்தப் பாதுகாப்பை வடிவமைத்தவரே அவர்தான். பன்னிரண்டு அடித்ததும் ஜெசிந்தாவின் வண்டி ஒருமுறை உறுமி அடங்கியது. ஸ்டியரிங் இறுகியது. சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு இறங்கினாள். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள்.

சாலையில் போய்க்கொண்டிருந்த வண்டிகள் ஒவ்வொன்றாக வேகம் குறைந்தன. வெள்ளைத் திரையைத் தட்டிப் பார்த்தார்கள், துடைத்துப் பார்த்தார்கள், திட்டிப் பார்த்தார்கள். பிறகு வேறு வழியில்லாமல் தலையைத் தூக்கினார்கள். ஒரு லாரிக்காரர் எதிரே நின்ற மாட்டை ஏதோ அதிசயம்போல் பார்த்தார். ஊர் முழுக்க ஹாரன் சத்தம். ஆமை வேகத்தில் போனாலும் யாரும் யார் மேலும் மோதவில்லை.

ஒன்பது நாள் ஜெசிந்தா பஸ்ஸில் போனாள். அந்த ஒன்பது நாளில் விசித்திரமான ஒன்று நடந்தது. நிமிர்ந்த கண்கள் பள்ளத்தைப் பார்த்தன, ஆட்டைப் பார்த்தன, வழிச்சொல்லி அவற்றையெல்லாம் படித்தது, திரைகள் மறுபடி நிறைந்தன. இவ்வளவு துல்லியமாக அவை ஒருநாளும் இருந்ததில்லை. ஆனால் அதைப் பார்க்கத்தான் ஆளில்லை. எல்லாரும் குனிந்தால் அடுத்த நிமிடம் அது வெள்ளையாகிவிடும். பார்க்காத வரைக்கும் வழிகாட்டுகிற ஒரு பெட்டியை ஆணையம் கோடிக்கணக்கில் செலவழித்து உருவாக்கியிருந்தது. அத்துடன் புகார்களும் வரத் தொடங்கின. நடுவில் இருக்கும் இந்தப் பெட்டி சாலையை மறைக்கிறது, வேறு இடத்தில் வைக்க அனுமதி வேண்டும் என்று பதினோராயிரம் புகார்கள்.

பத்தாம் நாள் காலை குற்றாலிங்கம் அவள் வீட்டுக்கே வந்தார். நடு டேஷ்போர்டு விதியை நிறுத்திவைத்துவிட்டார்கள், வண்டியின் பூட்டும் எடுத்தாயிற்று என்றார். ஜெசிந்தா சாவியோடு விறுவிறுவென்று தெருவில் இறங்கினாள். அவர் பின்னாலேயே வந்தார். புது விதிக்கு ஆணையத்தில் குழு போட்டிருக்கிறார்களாம், முட்டுக்குக் கீழா, தலைக்கு மேலா, கதவோரமா என்று ஒரு வாரமாகச் சண்டையாம்.

“நீங்களே ஒரு இடம் சொல்லுங்கக்கா. அதையே விதியில எழுதிருதோம்.”

அவள் வண்டியில் ஏறி, கண்ணாடியைத் துடைத்து, சாலையை இரண்டு பக்கமும் பார்த்தாள்.

“எழுதாதிய, சார்,” என்றாள். “எழுதுனா எல்லாரும் அந்த இடத்தையே பாப்பாவ.”