உறங்க வைக்காத மருந்து

அன்று காலை நஃபீஸத்தின் கண்கள் மின்விசிறியைப் பார்க்கவில்லை.

எட்டு மாதமாக அந்தக் கண்களுக்கு வேறு வேலை கிடையாது. பாளையங்கால்வாயின் சேற்று வாடையும் பக்கத்து வீட்டுப் பீடி இலையின் நெடியும் கலந்து வரும் மேலப்பாளையத்து உள்ளறையில், தொண்டைக்குழியில் குழாயும் தலைமாட்டில் மூச்சு மிசினுமாகக் கிடந்த அவள், விழித்திருக்கும் நேரமெல்லாம் சுழலும் இறக்கைகளையே பார்த்துக்கொண்டிருப்பாள். நர்ஸ் பெர்சிஸுக்கு அது பழகிப்போயிருந்தது. சொல்லப்போனால் நிம்மதியாகவும் இருந்தது. இன்றைக்கோ, கஞ்சி ஏற்றும் குழலை எடுக்க அவள் மேசைப் பக்கம் போனால் கண்களும் மேசைப் பக்கம் போயின. அவள் திரும்பினால் அவையும் திரும்பின.

பெர்சிஸ் முகக்கவசத்தை மூக்குக்கு மேலே இன்னும் கொஞ்சம் ஏற்றிவிட்டாள். இந்த வீட்டில் ஒருநாளும் அதை அவள் கழற்றியதில்லை. கிருமி தொற்றிவிடும் என்று சொல்லி வைத்திருந்தாள்.

கிருமியாவது ஒன்றாவது. நஃபீஸத்துக்குப் பிரசவ ஆபரேஷன் நடந்த அன்று, தியேட்டரில் அவள் தலைமாட்டில் நின்றது இதே பெர்சிஸ்தான். முதுகில் போட்ட மயக்க ஊசி இடுப்போடு நிற்காமல் நெஞ்சுக்கு மேலே ஏறியபோது, அதைப் போட்ட டாக்டர் சிவசண்முகம் அங்கே இல்லை. “பத்து நிமிஷம் பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டு, இன்னொரு முதுகில் ஊசி போட பேட்டை ஆஸ்பத்திரிக்குக் காரில் போய்க்கொண்டிருந்தார். புறப்படும் முன்பே நாடி, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் ஆபரேஷன் முடியும் நேரம்வரைக்கும் கற்பனையாக எழுதி வைத்துவிட்டுப் போவது அவர் வழக்கம். கை மரத்துப்போகுது, மூச்சு வரல என்று நஃபீஸத் முழு நினைவோடு முணுமுணுத்தாள். “அப்படித்தாம்மா இருக்கும், பயப்படாதீய” என்றாள் பெர்சிஸ். பிறகு உதடு மட்டும் அசைந்தது. பிறகு அதுவும் அசையவில்லை. குழந்தை பிழைத்துக்கொண்டது. அந்தக் கற்பனைத் தாளில் பெர்சிஸ் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

நஃபீஸத்தின் வீட்டார் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனார்கள். ஆஸ்பத்திரியோ பெரிய மனது பண்ணுவதுபோல் மூச்சு மிசினையும் ஒரு நர்ஸையும் காசில்லாமல் வீட்டுக்கு அனுப்பி வைத்தது. எந்த நர்ஸை அனுப்ப வேண்டும் என்பது டாக்டர் சிவசண்முகத்துக்குத் தெரியாதா என்ன?

இன்று பதினொரு மணிக்குக் கோர்ட் அனுப்பும் நரம்பு டாக்டர் வருகிறார். நஃபீஸத்துக்கு நினைவு இருக்கிறதா இல்லையா என்று அவர் எழுதிக் கொடுப்பதில்தான் வழக்கே நின்றது.

பத்து மணிக்கு நஃபீஸத்தின் அக்கா ஜுபைதா பீவி, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை பெர்சிஸ் பார்த்ததே இல்லை.

“சிஸ்டர், வக்கீல்கிட்டகூட நான் சொல்லல. உங்ககிட்டதான் மொதல்ல சொல்லுதேன். இங்கன வந்து பாருங்க.” தங்கையின் பக்கம் குனிந்தாள். “நஃபீஸா, நான் பேசுதது கேக்குதா?”

இமைகள் ஒருமுறை மூடித் திறந்தன.

“ஒரு தடவ மூடுனா ஆமா. ரெண்டு தடவன்னா இல்ல. பத்து நாளா நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டுதான் இருக்கோம்!”

பெர்சிஸின் கையிலிருந்த குழலிலிருந்து கஞ்சி சொட்டுச் சொட்டாகச் செருப்பில் விழுந்துகொண்டிருந்தது.

“ஆபரேசன் நடக்கயில மயக்க டாக்டர் இருந்தாராம்மா?”

இரண்டு தடவை.

“நர்ஸு இருந்தாளா?”

ஒரு தடவை.

“அவள இப்பம் பாத்தா அடையாளம் தெரியுமா?”

கண்கள் அக்காவை விட்டன. பைய நகர்ந்தன. முகக்கவசத்துக்கு மேலே, பெர்சிஸின் கண்களுக்குள் வந்து நின்றன.

ஒரு தடவை.

ஜுபைதா அதைக் கவனிக்கவில்லை. குழந்தையின் வயிற்றில் முகத்தைப் புதைத்து அழுகையும் சிரிப்புமாக இருந்தாள். “டாக்டர் வந்ததும் அவர முன்னாடி வச்சே கேக்கப்போறேன். புள்ளையக் குளிப்பாட்டிட்டு வந்துருதேன்” என்று எழுந்து போனாள்.

பெர்சிஸ் மாடிப்படியின் அடியில் ஒதுங்கி நின்று டாக்டர் சிவசண்முகத்துக்குப் போன் போட்டாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

“குழாய் மாத்துறதுக்குன்னு ஒரு பெட்டி குடுத்து விட்டேனே, அதுல தசையக் கட்டுற மருந்து இருக்கும். அதப் போடு.”

“சார், அது தூங்க வைக்காதே. கேக்கும், வலிக்கும், எல்லாம் தெரியும். அசையத்தான் முடியாது.”

“மூச்சுக்குத்தான் மிசின் இருக்குல்லா, செத்தா போவா? ஒரு மணி நேரந்தான்.” காரின் ஹாரன் கேட்டது. “உம் மக நர்சிங் ரெண்டாவது வருசம்தான படிக்கா? தாய் ஜெயிலுக்குப் போனா அவ யாருகிட்ட போய் நிப்பா?”

அவ்வளவுதான். மகள் பெயரைச் சொன்னதும் பெர்சிஸின் மனசாட்சி வாயை மூடிக்கொண்டது. உண்மையில் அது ரொம்ப நேரம் பேசவும் இல்லை.

நஃபீஸத்தின் கையில் சளிக்காக ஏற்கெனவே ஊசிக்குழாய் குத்தியிருந்தது. பெர்சிஸ் அந்தப் பெட்டியிலிருந்த வெள்ளைப் பொடியைத் தண்ணீரில் கரைத்து உறிஞ்சினாள். கண்கள் அவள் கையைப் பார்த்தன. முகத்தைப் பார்த்தன. இரண்டு தடவை மூடின. மறுபடியும் இரண்டு. மறுபடியும் இரண்டு. வேகமாக, படபடவென்று. பெர்சிஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே மருந்தை முழுவதும் ஏற்றினாள்.

இமைகள் பாதியில் நின்றன.

நரம்பு டாக்டர் வயதானவர், நிதானமானவர். டார்ச் அடித்துப் பார்த்தார். நடுநெஞ்சில் விரல்முட்டியை வைத்து அழுத்தித் தேய்த்தார். நகத்தின் அடியில் பேனாவை வைத்து, நகம் வெளுக்கும்வரை அழுத்தினார். ஒவ்வொரு விரலாக.

“நஃபீஸா, கண்ண மூடு தங்கம்” என்று ஜுபைதா கெஞ்சினாள். “ஒரே தடவ. ஒன் லாத்தா சொல்லுதேன்லா.”

“மருந்து எதும் போட்டீங்களா சிஸ்டர்?”

“இல்ல சார்.”

“நாடி நூத்தி நாப்பத்தாறு ஓடுதே?”

“காலையிலேர்ந்து காய்ச்சல் சார்.”

நஃபீஸத்தின் இரண்டு கண்களிலிருந்தும் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. ஜுபைதா அலறினாள்: “அழுதா! சார், பாருங்க, அழுதா!”

“பாதி மூடின கண்ணும்மா, தண்ணி வடியத்தான் செய்யும்” என்றார் அவர். அவர் குரலில் இரக்கம் இருந்தது. நினைவு இல்லை, திரும்பவும் வாய்ப்பில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஜுபைதா கட்டில் காலில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“நானாத்தான் நெனச்சிக்கிட்டேன் போலுக்கு. ஆசயில. இனி இவகிட்ட எதையும் கேக்கமாட்டேன் சிஸ்டர். கேட்டுக் கேட்டுப் பைத்தியமே புடிச்சிரும்.” பெர்சிஸின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு தங்கையின் கையை எடுத்து அந்தக் கைக்குள் வைத்தாள். “நீங்க மட்டும் இவள விட்டுட்டுப் போயிராதீய” என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போனாள்.

அறையில் மிசின் மட்டும் உஸ்ஸென்று ஊதியது. பெர்சிஸ் பெருமூச்சு விட்டாள். மணி பதினொன்றரை. மருந்து இன்னும் இறங்கியிருக்காது. சந்தேகத்துக்கு நஃபீஸத்தின் இமைமுடியை விரல்நுனியால் தடவிப் பார்த்தாள். அசைவே இல்லை. கன்னம் தொங்கிக் கிடந்தது. கட்டிப்போட்டது கட்டிப்போட்டபடி இருந்தது.

கையை எடுக்கப் பார்த்தாள்.

வரவில்லை.

குனிந்து பார்த்தாள். எட்டு மாதமாக வாடிச் சுருண்டு கிடந்த விரல்கள் அவள் சுண்டுவிரலைச் சுற்றியிருந்தன. நகங்களின் அடியில் பேனா அழுத்திய ரத்தக்கட்டு. இழுத்தாள். இறுகியது. மற்றக் கையால் பிரித்தாள். சில்லென்று இருந்தது. இரும்பாக இருந்தது. மருந்து போட்ட உடம்பு. அசைய முடியாத உடம்பு. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை, இமையில் ஒரு துடிப்பு இல்லை, விரல்கள் மட்டும் பெர்சிஸின் சுண்டுவிரலைப் பின்னால் வளைத்துக்கொண்டிருந்தன. பைய.

கத்த வாயைத் திறந்தாள். உடனே மூடிக்கொண்டாள்.

கத்தினால் ஜுபைதா ஓடி வருவாள். வந்தால் இந்தக் கையைப் பார்ப்பாள்.

“சிஸ்டர்!” அடுப்பங்கரையிலிருந்து குரல் வந்தது. “ஒரு வா சாப்புட வாரீயளா?”

எலும்பு முறியும் சத்தம் அவளுக்கே கேட்டது. கண் இருட்டியது.

“வாரேன்” என்றாள் பெர்சிஸ், குரல் நடுங்காமல். “நீங்க சாப்புடுங்க. நான் பைய வாரேன்.”

நஃபீஸத்தின் கை அந்த விரலை விட்டது. அவள் உருவிக்கொள்ளும் முன் அடுத்த விரலைப் பிடித்தது.